முதல் கூடை எரு

இல்லீங்க தம்பி, இது இல்ல. நீங்க தேடி வந்த ஊடு அதோ, அந்தத் தகரக் கொட்டாய் தெரியுதுங்களா, அது. கம்போஸ்ட் வசந்தாமணி ஊடுதானே? எல்லாரும் மொதல்ல இங்கதான் வந்து நிக்கறாங்க. ரெண்டு ஊட்டுக்கும் ஒரே தடம், என்ன பண்றது. வண்டிய இங்கயே நெழல்ல விட்டுட்டு நடந்து போங்க. போன வாரம் ஒரு வேன்காரன் அங்க வரைக்கும் போறேன்னு போயி வாய்க்கால்ல எறக்கிட்டான்.

போலாம் போலாம், என்ன அவசரம். குப்பை எங்க ஓடிப்போகுது? உக்காருங்க. மோட்டார் ரூமு நெழலு நல்லா இருக்கும். அந்தச் சேருக்கு ஒரு கால் சரியில்ல, கொஞ்சம் இந்தப் பக்கமாச் சாஞ்சுக்குங்க.

நான் அர்த்தனாரி. வசந்தாமணி என்ர தம்பி பொண்டாட்டி. தம்பி சின்னச்சாமி போயி ஏழு வருசமாச்சு, மஞ்சக் காமாலை. நீங்க அங்க போனீங்கன்னா ரெண்டு பொம்பளைங்க எரு சலிச்சுட்டு இருப்பாங்க. சேலைக்கு மேல ஆம்பளைச் சட்டை போட்டிருக்கறது வசந்தாமணி. இன்னொருத்தி மூக்குத்தி போட்டு, தலையெல்லாம் நரைச்சு இருப்பா. பேரு பாவாயி. அது என்ர சம்சாரமுங்க.

என்ர சம்சாரம் எங்கூடப் பேசி மூணு மாசம் ஆச்சு. ஒரு வார்த்தை இல்ல. அங்க போறவங்ககிட்டயெல்லாம் பேசறா, ஆட்டுக்குட்டிகிட்டப் பேசறா, எங்கிட்டப் பேசறதில்ல. அதுக்கெல்லாம் அந்த வசந்தாமணிதான் காரணம். நான் சொல்றேன், நீங்க படிச்சவங்க, கேட்டுட்டு நீங்களே ஒரு நாயம் சொல்லுங்க.

மொத்தம் அஞ்சு ஏக்கருங்க இது. எங்கப்பன் போனதும் ஆளுக்கு ரெண்டரைன்னு பிரிச்சோம். கெணறு பொது, ஒரு நா விட்டு ஒரு நா தண்ணி. தென்னை ஆளுக்குப் பதினாறு. பெரியவங்க நாலு பேரு உக்காந்து அருவா, மம்முட்டி வரைக்கும் எழுதினாங்க. குப்பைக்குழியை எழுதல. குப்பையைப் போயி யாருங்க எழுதுவா? குழி என்ர பக்கத்துல இருந்துது. தம்பி இருந்த வரைக்கும் ரெண்டு ஊட்டுச் சாணியும் அதுலதான் விழுந்துது, எரு எடுக்கறப்ப பாதி பாதி எடுத்துக்குவோம். ஒரு சண்டை கெடையாது.

எங்க பக்கம் ஒரு வழக்கம் இருக்குதுங்க. வருசத்துக்கு ஒருக்கா ஆனி மாசத்துல குழியத் தொறந்து எரு அள்ளறப்ப, மொதக் கூடையை ஊட்டுச் சுமங்கலிதான் எடுக்கோணும். மஞ்சத்தண்ணி தெளிச்சு, கற்பூரம் காட்டி, ஒரு கூடையைத் தலையில தூக்கிட்டுப் போயி அவ காட்டுல கொட்டோணும். மொதக் கூடை எந்தக் காட்டுல விழுந்துதோ, மொத வண்டியும் அந்தக் காட்டுக்குத்தான் போகோணும். நடுவுல மாத்தக்கூடாது. அது எருவை அவமானப்படுத்தற மாதிரி.

தம்பி செத்த வருசம் குழியத் தொறக்கறோம். வசந்தாமணி பாட்டுக்குக் கூடையத் தூக்கிட்டு வந்து எங்க பாவாயி பக்கத்துல நிக்கறா. வண்டிக்காரங்க, கூலியாளுங்கன்னு ஏழெட்டுப் பேரு இருக்கறாங்க. நான் கோவமாச் சொல்லலீங்க, நல்ல விதமாத்தான் சொன்னேன். "அம்மிணி, நீ இனி மொதக் கூடையைத் தொடாத. அது உனக்கில்ல." அவ்வளவுதான் சொன்னது. நானாவா கண்டுபிடிச்சேன் இதை? ஊருல இருக்கறதுதானே? அவ கூடையக் கீழ வெச்சா. சேலையத் தட்டி உட்டுட்டுப் போனா. என்ர சம்சாரம் அன்னைக்கே என்னை ஒரு மொற மொறச்சா.

அதுக்கப்பறம் நான் அவளை வெரட்டினேன், குழிக்கு வரவிடலைன்னு ஊருக்குள்ள பேசிக்குவாங்க. பொய்யுங்க. நான் அந்தத் தடத்துல முள்ளு வெட்டிப் போட்டேன், அதுவும் என்ர ஆட்டுக்குட்டி அந்தப் பக்கம் போயிறக் கூடாதுன்னு. மனுசங்க வரோணும்னா சுத்தி வரலாமில்ல? அவ வரல. வீம்பு.

வீம்புக்காரி என்ன பண்ணினா தெரியுங்களா? வேலி ஓரமா தென்னங்கட்டைய அடுக்கி நாலு கட்டம் கட்டினா. மொதக் கட்டத்துல எல்லாக் கருமத்தையும் கொட்டறது. வாழைச் சருகு, கரும்புத் தோகை, மஞ்சச் செடித் தாளு, நடுவுல நடுவுலச் சாணி, கோமியம். பதினஞ்சு நா கழிச்சு அதை அப்படியே பொரட்டி ரெண்டாவது கட்டத்துக்கு மாத்தறது. பொறகு மூணாவது. மூணாவதுல மண்புழு உடறது. நாலாவதுக்கு வர்றப்ப சலிச்சு மூடி வெக்கறது. ஒத்தப் பொம்பளை! கடப்பாறையக் குப்பைக்குள்ள குத்தி வெச்சு, பொறகு உருவித் தொட்டுத் தொட்டுப் பாப்பா, காச்சக்காரப் புள்ளைக்கு நெத்தியத் தொடற மாதிரி. ஒரு கையி அள்ளிப் பிழிஞ்சு எத்தனை சொட்டுத் தண்ணி வருதுன்னு பாப்பா. குப்பையப் பிழியற பொம்பளைய நீங்க எங்காச்சும் பாத்திருக்கீங்களா? நான் இங்க நின்னு பாத்துச் சிரிப்பேன்.

நானும்தான் எரு போடறேன். என்ர குழியையும் பாத்துட்டுப் போங்க, இங்கதான் இருக்குது. செருப்போட வாங்க, கண்ணாடிச் சில்லு கெடக்கும். ஒடைஞ்ச சட்டி, பாலிதீன், பழைய துணி எல்லாந்தான் கெடக்கும். அதெல்லாம் கெடந்தாத்தான் குப்பை. வருசம் ஒருக்காத் தொறந்தாப் போதும். அதைப் பொரட்டி, பிழிஞ்சு, போர்வை போத்தித் தாலாட்டோணும்னு ஒண்ணும் இல்ல.

ஆனா ஊரு என்ன பண்ணுச்சு? அவகிட்டப் போச்சு. மொதல்ல விவசாய ஆபீசுல இருந்து வந்தாங்க. அப்பறம் காலேசுப் புள்ளைங்க. பேப்பர்ல போட்டோ. கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் கார் போட்டுட்டு வர்றாங்க, மண்ணை மோந்து பாத்துட்டு "ஆகா"ங்கறாங்க. போன வருசம் பங்குனி மாசத்துல ஒரு வேன் நெறையப் பொம்பளைங்க. அதுல ஒருத்தி எறங்கி வந்து எங்கிட்டக் கேக்கறா, "பெரியவரே, நீங்க வசந்தாமணி அக்கா தோட்டத்துல வேலை செய்யறீங்களா?"ன்னு.

என்ர தடத்துல நின்னுட்டு. என்ர தென்னைமரத்து நெழல்ல நின்னுட்டு. நான் வேலைக்காரனாம்.

அன்னைக்குச் சோறு எறங்கலீங்க. சொல்றதுக்கு வெக்கமா இருக்குது, ஆனா கண்ணுல தண்ணி வந்துருச்சு. பாவாயிகிட்டச் சொன்னேன். அவ, "அந்தம்மாவுக்கு என்ன தெரியும், விடுங்க"ன்னுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. கட்டின பொண்டாட்டி சொல்ற வார்த்தையா அது?

ஒண்ணை மட்டும் ஒத்துக்கோணும். அதுக்கு முந்தி ரெண்டு மூணு வருசமா என்ர காட்டுல மஞ்சள் நல்லா வந்துது. எங்க மச்சான் ஊட்டு எருவு. பாவாயியோட அண்ணன், காங்கயத்துக்கிட்ட இருக்கறான். வருசா வருசம் ஆனியில ஒரு டிராக்டர் எரு அனுப்புவான். அந்த எருவை நீங்க பாத்திருக்கோணும். கருகருன்னு, தேயிலைத்தூளு மாதிரி, கையில எடுத்தா உதிரும். நான் எல்லாத்துகிட்டயும் சொல்லுவேன், "வசந்தாமணி எருவெல்லாம் என்ன எருவு, எங்க மச்சான் எருவைப் பாருங்க"ன்னு. பாவாயி பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருப்பா.

வைகாசியில மாரியாத்தா நோம்பி. மாவெளக்கு எடுக்கற அன்னைக்கு ஊரே கோயிலுக்குப் போயிருச்சு. பாவாயியும் வசந்தாமணியும் ஒண்ணாத்தான் போனாங்க. எனக்கு முட்டி வலின்னு நான் போகல. நல்ல மத்தியானம், ஈ காக்கா இல்ல. எங்கிட்ட தென்னைக்குப் போட வாங்கின கல்லுப்பு நாலு மூட்டை இருந்துது. தென்னைக்கு உப்புப் போடுவோம், உங்களுக்குத் தெரியுமில்ல?

சொல்றேன். இனி என்ன இருக்குது மறைக்க.

மூணு நா கழிச்சு எங்கிருந்தோ பெரிய ஆளுங்க அவ கம்போஸ்டப் பாக்க வர்றாங்கன்னு கேள்விப்பட்டேன். நாலாவது கட்டத்தைத் தொறந்து காட்டுவா, உள்ள புழுவெல்லாம் செத்துக் கெடக்கட்டும், ஒரு நாளைக்காச்சும் அவ தலையக் குனியட்டும்னு நெனச்சேன். அவ்வளவுதாங்க. யாரு காட்டையும் கெடுக்கோணும்னு நெனைக்கல. நாலு மூட்டையையும் கொட்டி, மம்முட்டியில கலந்து உட்டு, எட்டுக் கொடம் தண்ணி ஊத்திப் பழையபடி படுதாவைப் போத்தி வெச்சேன். எருவு மேல ஏறறப்ப செருப்பைக் கழட்டி வெச்சுட்டுத்தான் ஏறினேன். எருவு லட்சுமி, மரியாதை தெரியாதவனில்ல நான்.

அதுதான் வெனையாப் போச்சு. என்ர குதிகாலு பூராவும் வெடிப்பு. உப்புத்தண்ணி எறங்கி, அம்மாடி, உசுரு போயிருச்சு. கோயில்ல இருந்து பாவாயி திரும்பி வர்றப்ப நான் ரெண்டு காலையும் பக்கெட்டுத் தண்ணியில வெச்சுட்டு உக்காந்திருந்தேன். என்னாச்சுன்னா. முள்ளு ஏறிருச்சுன்னேன். ரெண்டு கால்லயுமான்னா. ஆமாண்டின்னேன். மாவெளக்குத் தட்டை உள்ள வெச்சுட்டு வந்தா. தேங்கா எண்ணெயைச் சுட வெச்சு எடுத்துட்டு வந்து, என்ர காலை அவ மடியில தூக்கி வெச்சு, ஒவ்வொரு வெடிப்பாப் பாத்துப் பாத்துத் தேச்சு உட்டா. முப்பத்தஞ்சு வருசத்துல அவ அப்படித் தேச்சதில்ல. எனக்குச் சொகமா இருந்துது. தூங்கிட்டேன்.

அந்தப் பெரிய ஆளுங்க வந்தாங்க, போனாங்க. மூணு கட்டத்தைக் காட்டினா. நாலாவதுக்கு நேரமில்லைன்னு கெளம்பிட்டாங்களாம். என்ர உப்புத்தான் வீணு.

ஆனி வந்துது. ஒரு நா ஈரோட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன், என்ர காட்டுல மச்சான் எருவு ரெண்டு டிராக்டர் கொட்டிக் கெடக்குது. எப்பவும் ஒண்ணுதான் வரும். ஒரு கையி அள்ளிப் பாத்தேன். "இதுதாண்டி எருவு! ரெண்டு வண்டி அனுப்பியிருக்கறான் பாரு உங்கண்ணன்"ன்னேன். பாவாயி எரு அள்ளற கூடையோட நின்னுட்டு இருந்தா. என்னை ஒரு மாதிரி பாத்தா. அந்தப் பார்வை எனக்கு அப்பப் புரியலீங்க. கூலியாள் வெச்சுக்கலாம்னேன், வேண்டாம்னுட்டா. நாலு நாளு அவளே ஒத்தையா நின்னு அந்த எருவு பூராத்தையும் காட்டுல வெசிறினா. வெசிறிட்டு வந்து தெனமும் கையக் கழுவுவா கழுவுவா, கழுவிட்டே இருப்பா.

ஆடியில மஞ்சள் வெச்சோம். மொளப்பு சரியில்ல. ஆவணியில எலை ஓரமெல்லாம் தீப்பட்ட மாதிரி காஞ்சுது. தண்ணி உட்டா இன்னும் காயுது. மருந்து அடிச்சேன், எங்க குலசாமிக்கு வேண்டினேன், ஒண்ணும் கேக்கல. ஐப்பசி முடியறதுக்குள்ள பாதிக் காடு வெறும் பாத்தியா நின்னுது. அங்க வேலிக்கு அக்கட்டால அவ மஞ்சள் என்ர நெஞ்சு உயரத்துக்கு நிக்குது. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?

மச்சானுக்குப் போன் போட்டேன். என்னடா எருவு அனுப்பினே, என்ர குடியக் கெடுத்துட்டியேடான்னு வாயில வந்ததெல்லாம் பேசினேன். பொறுமையாக் கேட்டுட்டு அவன் சொல்றான், "மாப்ள, நாங்க மாடு வித்து மூணு வருசமாச்சு. நான் எங்க எருவு அனுப்பினேன்?"

போனை வெச்சுட்டு பாவாயியக் கேட்டேன். அப்பத்தான் சொல்றா. மூணு வருசமாவே அது வசந்தாமணி எருவாம். அன்னைக்குக் குழிக்கிட்ட நான் ஒரு வார்த்தை சொன்னனே, அதுக்காக வசந்தாமணி அவ கட்டத்தை அவ தொறக்கறதில்லையாம். "அக்கா, நீங்க வந்து மொதக் கூடைய எடுத்துக் குடுங்க"ன்னு இவளக் கூப்புடுவாளாம். இவ மொதக் கூடை எடுத்தா அது எங்க காட்டுக்குத்தானே வரோணும்? மொத வண்டியும் எங்க காட்டுக்குத்தானே? வழக்கப்படிதான் பண்றாளுங்களாம் ரெண்டு பேரும். எனக்குத் தெரிஞ்சா வேண்டாம்பேன்னுட்டு, ரோட்டு வழியாச் சுத்தி வண்டியக் கொண்டாந்து, அண்ணன் அனுப்பினான்னு பொய் சொல்லியிருக்கறா. பாத்தீங்களா? கட்டின புருசனுக்கு மூணு வருசம் பொய்யி.

நேரா அங்க ஓடினேன். பாவாயி பின்னாலயே வந்தா. கார்த்திகை மாசம், அன்னைக்குப் பாத்து அங்க இருபது பேரு நோட்டும் கையுமா நிக்கறாங்க. நிக்கட்டும், நாயத்தை நாலு பேருக்கு முன்னாலதானே கேக்கோணும்? "ஏம்மிணி, உப்புப் போட்ட எருவைக் கொண்டாந்து கொட்டி என்ர காட்டக் கெடுத்துட்டியே, நீ நல்லா இருப்பியா?"ன்னு கத்தினேன்.

வசந்தாமணி கையில இருந்த சல்லடையக் கீழ வெச்சா. சத்தமே போடல. "மாமா, உப்புன்னு உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"ன்னா.

எலை கருகறதப் பாத்தாத் தெரியாதா, நான் என்ன இன்னைக்கு நேத்தா விவசாயம் பண்றேன்னேன். ஆனா என்ர கொரலு எனக்கே நல்லாயில்ல. அந்த இருபது பேரும் என்னைப் பாக்கறாங்க. ஒருத்தன்கூட அவளப் பாக்கல.

அப்பத்தான் பாவாயி முன்னால வந்தா. "வசந்தா, அவரை ஒண்ணும் கேக்காத. எனக்குத் தெரியும்"ன்னா. "நோம்பியன்னைக்கு அவரு கால் வெடிப்புல எண்ணெய் தேச்சனே, அப்பவே தெரியும். மறுநா காலையில வந்து உன்ர நாலாவது கட்டத்துல ஒரு கிள்ளு எடுத்து வாயில போட்டும் பாத்தேன்"ன்னா.

வசந்தாமணி அழுதுட்டா. "ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல"ன்னு கேட்டா.

நான் சும்மா இருந்திருக்கலாமுங்க. எனக்கு அப்பவும் ஆத்திரம் அடங்கல. "தெரியுமா? தெரிஞ்சேவா அதை அள்ளிட்டு வந்து நம்ம காட்டுல கொட்டினே? மொத வண்டி பத்தாதுன்னு கட்டம் பூராத்தையும் கேட்டு வாங்கிட்டு வந்து கொட்டினியா?"ன்னேன்.

பாவாயி என்ர மூஞ்சியப் பாத்தா. கோவமெல்லாம் இல்லீங்க. சந்தையில பருப்பு என்ன வெலைன்னு கேக்கற மாதிரித்தான் கேட்டா.

"பொறகு வேற யாரு காட்டுலீங்க கொட்டறது?"

அதுதானுங்க தம்பி அவ எங்கூடப் பேசின கடைசி வார்த்தை. மூணு மாசமாச்சு. காலையில சோறாக்கி மூடி வெச்சுட்டு அங்க போயிருவா. பொழுது விழ வர்றா. தட்டத்துல சோத்தைப் போட்டு என்ர முன்னால நவுத்தறா. உப்பு பத்தலைன்னாக்கூடக் கேக்க வாய் வரல எனக்கு. ஊரு பூராவும் மஞ்சள் வெட்டுது. நான் இங்க போற வர்றவங்களுக்குத் தடம் காட்டிட்டு உக்காந்திருக்கறேன்.

நாயம் சொல்லுங்க. தப்பு நானும் பண்ணினேன், இல்லைங்கல. ஆனா அவ அன்னைக்கே ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல? காலைத் தேச்சு உட்டாளே, அப்பக் கேட்டிருக்கலாமில்ல? "நீங்கதானே உப்புப் போட்டீங்க"ன்னு கேட்டிருந்தா, காடும் தப்பிச்சிருக்கும், எங்க குடித்தனமும் தப்பிச்சிருக்கும். நீங்களே சொல்லுங்க.

கேட்டிருந்தா இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். அது எனக்கே தெரியுது. அவளுக்குத் தெரியாதா?

சரி, போயிட்டு வாங்க. நேராப் போனா வாய்க்கா வரும், பலகை போட்டிருக்கும், பாத்துத் தாண்டுங்க. வசந்தாமணி எல்லாத்தையும் பொறுமையாச் சொல்லிக் குடுப்பா, அதுல ஒண்ணும் குத்தம் சொல்ல முடியாது. பாவாயியும் பேசுவா, வெளியாளுங்கன்னா நல்லாப் பேசுவா. என்னைப் பாத்தேன்னு சொல்ல வேண்டாம்.

தம்பி, ஒரு நிமிசம். வண்டிய எடுக்கறதுக்கு இப்படித்தானே வருவீங்க? அவ உங்ககிட்ட என்ன பேசினான்னு மட்டும் எங்கிட்ட வந்து சொல்லிட்டுப் போங்க. எருவைப் பத்திப் பேசினாலும் சரி. அதையே சொல்லுங்க. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்.